வயதானவர்களை மட்டும் வீட்டுக்குள் வைத்தால் போதுமா? - காஞ்சிபுரம் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எந்த ஊர்க்காரர் தெரியுமா? சென்னை இல்லை, காஞ்சிபுரம்! ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய 45 வயதுக்காரர் ஒருவருக்கு நோய் இருப்பதாக 2020 மார்ச் 7 அன்று அறிவித்தார்கள். அவர் குணமாகி வீடு திரும்பிவிட்டார். ஆனால் அந்த அறிவிப்பு வந்த பதினெட்டாம் நாள், மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு. கோயில் கதவு சாத்தியது. தறிச் சத்தம் நின்றது. பட்டுக்கடை வீதியில் ஆள் இல்லை.

அப்போதிலிருந்து இன்றுவரை ஒரு கேள்வி ஓயவில்லை. இந்த நோய் வயதானவர்களையும், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களையும்தான் அதிகமாகக் கொன்றது. அப்படியானால் அவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு போட்டுவிட்டு, மற்றவர்களை வேலைக்கும் பள்ளிக்கும் போக விட்டிருக்கலாமே? எதற்காக எல்லோரையும் அடைத்து வைத்தார்கள்?

கேட்பதற்கு மிக நியாயமான கேள்வி. கணக்குப் படித்தவர்களுக்கு இன்னும் பிடிக்கும். குறைந்த செலவு, அதிகப் பலன்! ஆனால் இந்தக் கணக்கைக் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் வைத்துப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

பிளேக் காலம்: யாரைக் குறி வைத்தார்கள்?

ஒரு பிரிவினருக்கு மட்டும் கட்டுப்பாடு என்பது 2020இல் முளைத்த யோசனை இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிகச் சிறிய சட்டம்தான், ஆனால் அதிகாரிகளுக்குக் கிடைத்த அதிகாரம் மிகப் பெரியது. யாரையும் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம். (2020இல் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் இதே 1897 சட்டம்தான்!)

ரயில் நிலையங்களில் பயணிகளை இறக்கிச் சோதித்தார்கள். சென்னை மாகாணத்தில், பிளேக் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு பாஸ்போர்ட் என்றே பெயர் வைத்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். போய்ச் சேரும் ஊரில் அவர்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. நடைமுறையில் அதன் பாரம் யார் மேல் விழுந்தது? மூன்றாம் வகுப்புப் பயணிகள், கூலித் தொழிலாளர்கள், யாத்திரீகர்கள். முதல் வகுப்பில் வந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதையே வேறு. புனேவில் வீடு வீடாகப் புகுந்து நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிக்க வைத்தன. 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. ஒரு பிரிவுக்கு மட்டும் கட்டுப்பாடு என்று சொல்லும்போது, அந்தப் பிரிவுக்கு எதிர்த்துப் பேசும் பலம் உண்டா என்பதும் சேர்ந்தே முடிவாகிவிடுகிறது.

1918: பலவீனமானவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

இருபது வருடம் கழித்து வந்தது இன்புளுயன்சா. 1918 மே, ஜூன் மாதங்களில் பம்பாயில் தொடங்கி, செப்டம்பருக்குப் பிறகு நாடு முழுக்கக் கொடூரமாகப் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு குறைவு. ஆனாலும் 1911க்கும் 1921க்கும் இடையில் இந்தியாவின் மக்கள் தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

அந்த நோயில் பெருமளவு செத்தது கிழவர்கள் இல்லை. 20 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள்! உழைத்துச் சம்பாதிக்கும் வயது, பிள்ளை பெறும் வயது. அன்றைக்கு யாராவது வயதானவர்களை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று முடிவு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஒரு புதிய நோய் வரும்போது அது யாரைக் கொல்லும் என்பது முதல் நாளே தெரிவதில்லை. சில மாதம் போன பிறகு, செத்தவர்களை எண்ணிப் பார்த்துத்தான் தெரிகிறது. அதனால் குறி பார்த்துப் போடும் கட்டுப்பாட்டை முதல் நாளில் போட முடியாது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நிறுத்தம் தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த நிறுத்தம் எத்தனை நாள் என்பதுதான் அடுத்த சண்டை.

அத்திவரதர் காட்டிய ஒத்திகை

கொரோனாவுக்கு முந்தின வருடமே காஞ்சிபுரம் இதற்கு ஒரு ஒத்திகை பார்த்துவிட்டது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம். 40 வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே எடுக்கப்படும் அத்திமரச் சிலை. முந்தின முறை 1979. இந்த முறை 48 நாளில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். நெரிசலில் உயிர்ச்சேதமும் நடந்தது. அதனால் முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளோடு வருபவர்கள் தரிசனத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அரசுத் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள்.

முதியவர்கள் வராமல் இருந்தார்களா? கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஏன் வரமாட்டார்கள்? அடுத்த தரிசனம் 2059இல். இருபது வயதுப் பிள்ளை அப்போது பார்த்துக்கொள்ளலாம். எழுபது வயதுப் பாட்டிக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. ஆபத்து அதிகம் உள்ளவருக்குத்தான் இழப்பும் அதிகம்! பலவீனமானவர்கள் மட்டும் ஒதுங்கி இருக்கட்டும் என்று சொல்வது எளிது. அந்த ஒதுங்கலுக்கான விலை அவர்களுக்கு மட்டும் பல மடங்கு என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. மீதமிருக்கும் பத்து வருடத்தில் இரண்டு வருடம் என்பது, அறுபது வருடத்தில் இரண்டு வருடம் போல் இல்லை.

2020: இரண்டு கட்சிகள்

சரி, கொரோனாவுக்கு வருவோம். 2020 மே 30 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஊரடங்கைத் தளர்த்தும் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவுரை. 2020 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் கோயில்கள் திறந்தபோதும் இந்த வயது வரம்பு கூடவே வந்தது. அதாவது முழு ஊரடங்கில் தொடங்கிய அரசு, மெல்ல மெல்ல, பலவீனமானவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இதை முன்பே சொன்னவர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் டாக்டர் ஜெயப்பிரகாஷ் முளியில் 2020 ஏப்ரலிலேயே, முதியவர்களைப் பத்திரமாக வைத்துவிட்டு இளையவர்களை வெளியே விடலாம் என்ற கருத்தை வெளிப்படையாகப் பேசினார். கேரளாவில் முதியவர்களை ஒதுக்கிக் காப்பதற்கு ரிவர்ஸ் குவாரன்டைன் என்று பெயர் வைத்தார்கள். 2020 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் மூன்று பேராசிரியர்கள் கையெழுத்திட்ட கிரேட் பாரிங்டன் பிரகடனம் இதையே உலக விவாதம் ஆக்கியது. அந்த மூவரில் ஜெய் பட்டாச்சார்யா, சுனேத்ரா குப்தா இருவரும் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். அதே மாதம் ஜான் ஸ்னோ அறிக்கை என்ற பெயரில் வேறு விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். சமூகத்தில் நோய் கட்டுக்கடங்காமல் பரவும்போது ஒரு பிரிவை மட்டும் தனியே பிரித்துக் காப்பது நடக்காத காரியம் என்பது அவர்கள் வாதம்.

உலகத்தில் செய்து பார்த்தவர்களும் உண்டு. துருக்கி 2020 மார்ச் 21 முதல் 65 வயதைத் தாண்டியவர்கள் வெளியே வரக்கூடாது என்று தடை போட்டது. சுவீடன் ஊரடங்கு போடவில்லை, முதியோர் இல்லங்களுக்குப் பார்வையாளர்கள் போகக்கூடாது என்றது. ஆனால் நோய் ஊழியர்கள் வழியே இல்லங்களுக்குள் போய்விட்டது. முதியவர்களைக் காக்கத் தவறிவிட்டோம் என்று அந்த நாட்டின் கொரோனா ஆணையமே 2020 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்து சுமார் 22 லட்சம் பேரைப் பட்டியல் போட்டு வீட்டில் இருக்கச் சொன்னது. கூடவே தேவைப்பட்டவர்கள் வீட்டு வாசலுக்கு இலவச உணவுப் பெட்டியும் அனுப்பியது. இந்த உணவுப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தறி வீட்டில் ஆறடி எங்கே?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நெசவாளர் வீடு என்பது வீடு மட்டும் இல்லை, பட்டறையும் அதுதான். முன் அறையில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்ய வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், இரண்டையும் பிரிக்க முடியாதபடி நெசவிலேயே கோர்ப்பது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க ஒரு உதவி ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவியோ, பிள்ளையோ, தம்பியோ.

தார் சுற்றுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். கண் மங்கி நெய்ய முடியாமல் போன தாத்தாவும் பாட்டியும் ராட்டையை விடமாட்டார்கள். பாவு போட வேண்டுமென்றால் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் சேர்ந்து நின்று இழை சரி பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்களே வயதானவர்கள்தான். இளைஞர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிப் போய் வருகிறார்கள்.

இப்போது அந்தக் கணக்கைப் போடுங்கள். 65 வயதுத் தாத்தா வீட்டிலேயே இருக்க வேண்டும், 25 வயதுப் பேரன் வேலைக்குப் போகலாம். பேரன் சாயங்காலம் எங்கே வருவான்? அதே வீட்டுக்கு. எங்கே சாப்பிடுவான், எங்கே படுப்பான்? தாத்தா ராட்டை சுற்றும் அதே அறையில். ஆறடி இடைவெளி என்று சுவரில் எழுதலாம். தறி போக மீதி இடமே ஆறடி இருக்குமா என்பது சந்தேகம்.

இது வெறும் ஊகம் இல்லை. 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க மூன்றாவது முறையாக ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.4 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 23.4 சதவீதம்! முதியவர்கள் வீட்டில் இருங்கள் என்று அரசு சொல்லி ஏழெட்டு மாதம் ஆன பிறகு வந்த எண் இது. வீட்டில் இருந்தவர்களையும் நோய் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொரு எண்ணும் உண்டு. 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, கொரோனாவில் இறந்தவர்களில் சுமார் 53 சதவீதம்தான் 60 வயதைத் தாண்டியவர்கள். 35 சதவீதம் பேர் 45 முதல் 60 வயது வரை உள்ளவர்கள். அதாவது குடும்பத்தின் பேரேட்டில் வரவு எழுதும் ஆட்கள். 65 என்று கோடு போட்டால் இவர்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். இவர்களையும் உள்ளே சேர்த்தால் தறியில் உட்கார ஆள் இல்லை.

அப்படியானால் எல்லோரையும் பூட்டியது சரியா?

அதுவும் இல்லை. இங்கேதான் இன்னொரு கட்சியின் நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. சித்திரை, வைகாசி, ஆனி என்று கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக வரும் காலத்தில்தான் 2020இலும் 2021இலும் ஊரடங்கு வந்து உட்கார்ந்தது. கல்யாணம் வீட்டுக்குள் நாலு பேரோடு நடந்தால் பட்டுப் புடவை யார் வாங்குவார்கள்? கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வரவேண்டும், சூரத்திலிருந்து ஜரிகை வரவேண்டும். போக்குவரத்து நின்றால் தறியும் நிற்கும். கூட்டுறவுச் சங்கமானாலும் தனியார் முதலாளியானாலும், சரக்கு விற்காமல் அடுத்த பாவு கொடுப்பது கஷ்டம்.

அரசு கொடுத்தது என்ன? 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும். 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாதக் கணக்கில் கூலி இல்லாத வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்?

பிள்ளைகள் கதை இதைவிட மோசம். நோயால் மிகக் குறைந்த ஆபத்து அவர்களுக்குத்தான். ஆனால் 2020 மார்ச்சில் மூடிய ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறக்குறைய இருபது மாதம்! பட்டுத் தறியில் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்த ஊர் காஞ்சிபுரம். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் இந்த ஊரும் இருந்தது. பல வருடம் பாடுபட்டு அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியை மூடிவிட்டு, வீட்டில் தறியையும் வைத்துவிட்டு, பிள்ளை எங்கே உட்காரும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில், எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு என்றவர்களைவிட, குறி பார்த்துப் போடுங்கள் என்றவர்கள் சொன்னதே சரி.

செலவு யார் கணக்கில்?

ஆக இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தவறு. இரண்டு பக்கமும் மறந்தது ஒரே விஷயத்தை. கட்டுப்பாடு என்பது ஒரு செலவு. எந்தச் செலவுக்கும் பற்று எழுத ஒரு கணக்கு வேண்டும். எல்லோரையும் பூட்டினால் அந்தச் செலவு தினக்கூலிக்காரர் கணக்கில். முதியவர்களை மட்டும் பூட்டினால் அதே வீட்டின் தாத்தா பாட்டி கணக்கில். காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் இரண்டு கணக்குக்கும் ஒரே அடுப்புதான்!

இங்கிலாந்தின் உணவுப் பெட்டி இங்கேதான் முக்கியம். அது நோயை எவ்வளவு தடுத்தது என்பது வேறு விவாதம். ஆனால் உன்னை வீட்டில் இருக்கச் சொல்வதால் உன் சாப்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் இல்லாமல் போடும் கட்டுப்பாடு வெறும் அறிவுரைதான்.

குறி பார்ப்பது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. கட்டுப்பாட்டில் குறி பார்ப்பது கடினம், பாதுகாப்பில் குறி பார்ப்பது மிக நன்றாக நடக்கும். அதற்கும் சாட்சி உண்டு. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், வேறு நோய் உள்ள 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. அது கட்டுப்பாடு போலவே வயதைப் பார்த்துத்தான் முடிவானது. ஆனால் அது முதியவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, ஒன்றைக் கொடுத்தது. பேரன் வேலைக்குப் போய் வரலாம், தாத்தா ராட்டையைச் சுற்றலாம், நடுவில் சுவர் தேவையில்லை. வருத்தம் என்னவென்றால், ஊசி போதுமான பேரைச் சென்று சேரும் முன்பே, ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்துவிட்டது.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும், யாரைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. 1918 போல இளைஞர்களையும் கொல்லலாம், 2020 போல முதியவர்களையும் கொல்லலாம். அன்றைக்கும் இதே கேள்வி வரும், யாரைப் பூட்டுவது என்று. பூட்டப்படும் வீட்டில் எத்தனை அறை, எத்தனை தலைமுறை, அன்றைய கூலியை யார் கொடுப்பார்கள் என்பதை முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வயது வரம்பைப் பற்றிப் பேசினால் விடை சரியாக வரும். பதில் கிடைக்கும் வரை பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று மட்டும் சொல்வது, பொறுப்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவுவது மாதிரிதான். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத கறை அது!